ஏழாம் எண் பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அர்மான் போட்ட நிபந்தனையோடு கதை நின்றிருந்தது. குன்றுச் சரிவில் இருக்கும் பழைய கரிஞான் திராட்சைக் கொடிகள் ருவானே குடும்பத்து அண்ணன் அர்மானுக்கும் தம்பி ரெஜிஸுக்கும் பொதுச் சொத்து. அங்கே சூரியத் தகடு பதிக்க வேண்டும் என்று ஒரு கம்பெனி அர்மானைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கொடிகளில் கை வைக்கக் கூடாது என்று குறுக்கே நிற்பவள் ரெஜிஸின் மகள் எலோடி.

"சரிவுல விளைஞ்ச உன் ஒயினுக்கு நம்ம ஊர்ப் பேரு கிடைக்கட்டும். என் பாதியை உன் பேருக்கே எழுதிடறேன். கிடைக்கலேன்னா இந்த வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரனோட கையெழுத்து. அப்புறம் அழக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு முடிவில் பாலாடைக்கட்டி வருவதற்குள் அர்மான் மோன்பெலியேவுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

எங்கள் பெய்ராலில் ஊர்ப் பெயர் சும்மா கிடைக்காது. ஐந்து பேர் உட்கார்ந்து, யாருடையது என்று தெரியாமல் ருசி பார்த்து, அதில் மூன்று பேராவது தலையாட்டினால்தான் பாட்டிலில் 'பெய்ரால்' என்று ஒட்டலாம். இல்லாவிட்டால் அது வெறும் சிவப்பு ஒயின், அவ்வளவுதான்.

அந்த ஐந்து பேரும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. இதே ஊரில் கொடி வளர்ப்பவர்கள்தான். அவரவர் வீட்டு ஒயினும் அதே வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கும். தன் வீட்டு ஒயின் இது என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலே எழுந்து வெளியே போய்விட வேண்டும். இதுதான் விதி. இத்தனை வருஷத்தில் யாரும் எழுந்து போய் நான் பார்த்ததில்லை, அது வேறு கதை.

திங்கட்கிழமை காலை ரெஜிஸ் காபி குடிக்கவில்லை. பற்பசையைத் தொடாமல் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். சவரம் செய்துகொண்டார், ஆனால் பிறகு பூசிக்கொள்ளும் வாசனைத் தண்ணீரை அலமாரியிலேயே விட்டுவிட்டார். நடுவர் குழுவுக்குப் போகிற நாளில் அவர் இப்படித்தான், ஏதோ விரதம் இருப்பவர் போல வளைய வருவார். அவர் மூக்கைப் பற்றி ஊரில் ஒரு மரியாதை உண்டு. அதில் பாதி அவராகக் கிளப்பிவிட்டது.

சமையலறையில் மனைவி ஒடில், மதியத்துக்கான மாட்டிறைச்சியைத் துண்டு போட்டு வைத்துவிட்டு, முழு வெங்காயத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அவர் வாசலைத் தாண்டும் வரை வெங்காயம் நறுக்கக் கூடாது.

"ரெஜிஸ், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எலோடியோட ஒயின்ல வந்து..."

"அங்கயே நிறுத்து."

"என்னன்னு கேட்டுட்டாவது நிறுத்தச் சொல்லேன்."

"ஜூரிக்குப் போற அன்னிக்கு இந்த வீட்ல ஒயின் பேச்சு கிடையாது. உனக்குத் தெரியாதா? இன்னிக்கு என்ன புதுசா?"

"தெரியும்ப்பா. நீ பெரிய யோக்கியன். போயிட்டு வா, நான் வெங்காயத்தையாவது வெட்டறேன்."

அவள் குரலில் இருந்த குத்தல் அவருக்குப் புரிந்தது. அன்றைக்கு அது கொஞ்சம் ஆழமாகவே தைத்தது. ஏனென்றால் ரெஜிஸ் அன்று யோக்கியமாக இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

மகளின் பாட்டிலைக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல் அதைக் கரை சேர்ப்பது. இதுதான் அவர் திட்டம். வீட்டில் எலோடியின் ஒயினைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஆனாலும் அவள் கையிலிருந்து அந்தச் சரிவு போவதை அவரால் தாங்க முடியாது. அண்ணனிடம் இதைச் சொல்லத் தெரியவில்லை, மகளிடமும் சொல்லத் தெரியவில்லை. சரி, ஒயினிடமாவது சொல்லிவிடலாம் என்று நினைத்துவிட்டார்.

கண்டுபிடிப்பது சுலபம் என்று நம்பினார். ஜனவரியில் அவளுடைய தொட்டியிலிருந்து ஒரு வாய் பார்த்தவர் அவர்தான். "வெறும் கரிஞான் சோனியா இருக்கு. மூணுல ஒரு பங்கு சிரா கல. அதுல பாதியை மூலையில இருக்கற பழைய பீப்பாயில போடு. அப்பதான் ஜூரி மதிக்கும்" என்று சொல்லியிருந்தார். எலோடி, "சரிப்பா" என்றிருந்தாள். சிரா திராட்சை கலந்தால் மிளகும் கறுப்பு ஆலிவும் மணக்கும். மூலைப் பீப்பாயில் லேசாகக் குதிரை லாயத்தின் வாடை உண்டு. இவ்வளவு அடையாளம் போதாதா?

ஒடில் சொல்ல வந்தது இதைத்தான். எலோடி சிரா கலக்கவே இல்லை. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் சமையலறை மேசையில் அளவுக் குப்பியை வைத்துக்கொண்டு, சிராவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஊற்றிப் பார்த்தாள். "சிரா உள்ள வந்ததும் சரிவு வெளிய போயிடுதும்மா" என்றாள். கடைசியில், ஒரே திராட்சையில் செய்ததற்கு ஊர்ப் பெயர் கிடையாது என்ற விதிக்காகக் கொஞ்சம் கிரெனாஷ் திராட்சை மட்டும் சேர்த்துக்கொண்டாள். பழைய பீப்பாய் பக்கமே போகவில்லை. "அப்பாகிட்ட நானே சொல்றேன், நீ சொல்லாத" என்றாள். சொல்லவில்லை. "சரிப்பா" என்று தலையாட்டியதை அப்படியே விட்டுவிடுவது அந்த வீட்டில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிப்போன தற்காப்பு.

பழைய தீயணைப்பு வண்டிக் கொட்டகையை வெள்ளையடித்துத்தான் ருசி பார்க்கும் கூடமாக வைத்திருக்கிறார்கள். நீள மேசை, வெள்ளைக் காகித விரிப்பு, ரொட்டித் துண்டுகள், துப்புவதற்கு ஆளுக்கொரு வாளி. பாட்டில்கள் கறுப்புத் துணி உறை போட்டு, கழுத்தில் எண் கட்டிக்கொண்டு நின்றன. எந்த எண் யாருடையது என்பது தலைவி மதாம் வெர்னுக்கு மட்டும்தான் தெரியும். அவர் ருசி பார்க்க மாட்டார், ஓட்டும் போட மாட்டார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் மூன்று ஒயின்களில் சண்டை வரவில்லை. பார்த்தார்கள், மோந்தார்கள், வாயில் புரட்டினார்கள், துப்பினார்கள், தலையாட்டினார்கள்.

நாலாவது வந்தது. கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் மசி மாதிரி கறுப்பு. ரெஜிஸ் மூக்கை வைத்தார். மிளகு, கறுப்பு ஆலிவ். சுழற்றிவிட்டு மறுபடி வைத்தார். பின்னாலிருந்து குதிரை லாயம் எட்டிப் பார்த்தது. அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இதோ, என் பொண்ணு.

எதிரே உட்கார்ந்திருந்த லூசியான் முகத்தைச் சுளித்தார். லூசியானுக்கு வாய் நீளம், ஆனால் நாக்கு நல்ல நாக்கு.

"லாயம் அடிக்குது. பீப்பாய் கெட்டுப் போயிருக்கு."

"துவர்ப்பும் ஜாஸ்தி. ஈறைப் பிடிக்குது" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இந்த இடத்தில் ரெஜிஸ் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். அவர் எழவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"லாயம்னு சொல்றே. நான் தோல்னு சொல்றேன். நல்லா பதம் பண்ணின தோல். நம்ம அப்பா காலத்துல இந்த ஊர் ஒயின்ல இந்த வாடை இல்லாம இருந்துச்சா? அப்ப யாராவது மூக்கைப் பிடிச்சோமா?"

"அப்ப நமக்கு வேற போக்கிடம் கிடையாது" என்றார் லூசியான்.

"துவர்ப்புன்னா இருக்கட்டுமே. ஒரு வருஷம் பாட்டில்ல தூங்கினா தானா அடங்கும். உடம்பு இருக்கா பாரு, காரம் இருக்கா பாரு. வாயை ரொப்புதா இல்லையா? இது பெய்ரால் இல்லேன்னா வேற எது பெய்ரால்?"

ரெஜிஸ் இவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. இவருக்கே இப்படித் தோன்றினால் நம் நாக்கில்தான் கோளாறோ என்று இரண்டு பேர் மறுபடி ஒரு வாய் பார்த்தார்கள். மூன்றுக்கு இரண்டு. நாலாம் எண் தேறியது.

அதற்கப்புறம் அவருக்கு உள்ளுக்குள் உறுத்த ஆரம்பித்தது. ஒரு இடத்தில் தராசை அழுத்திவிட்டோம், மிச்ச இடத்திலாவது கறாராக இருந்து கணக்கைச் சரிக்கட்டுவோம் என்று முகத்தை இறுக்கிக்கொண்டார். ஐந்தும் ஆறும் எப்படியோ தப்பித்தன. ஏழு அந்த முகத்துக்கு எதிரே வந்து மாட்டிக்கொண்டது.

ஏழு வெளிர் சிவப்பு. கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் நகம் தெரிந்தது. மோந்தால் புளிப்புச் செர்ரி, காய்ந்த தைம் இலை. வாயில் போட்டால் கனம் இல்லை. புளிப்பு நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஓடியது. துவர்ப்பு மெல்லிசாக, மாவு போல வந்து உட்கார்ந்தது. துப்பின பிறகு, வெயிலில் காய்ந்த கல்லில் முதல் தூறல் விழுந்தால் வருமே, அந்த வாடை தொண்டையில் கொஞ்ச நேரம் நின்றது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று ரெஜிஸுக்கு ஒரு கணம் தோன்றியது. அவர் நின்று யோசிக்கவில்லை. தேடி வந்ததுதான் கிடைத்துவிட்டதே.

"எனக்கு இன்னொரு வாய் வேணும்போல இருக்கு" என்றார் ஒருவர்.

"குறை சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார் லூசியான்.

"குறைன்னு நானும் சொல்லல" என்று ரெஜிஸ் ஆரம்பித்தார். "சுத்தமா இருக்கு. படிச்ச புள்ளைங்க செய்யற மாதிரி சுத்தம். ஆனா இது எந்த ஊரு? கண்ணைக் கட்டிக் குடுத்தா யாராவது பெய்ரால்னு சொல்லுவோமா? நம்ம ஒயின்னா வாயில நிக்கணும். இது வந்த சுவடு தெரியாம ஓடுது. இதுக்கு ஊரு கிடையாது."

லூசியான் யோசித்தார். கோப்பையை மறுபடி பார்த்தார்.

"அதுவும் சரிதான்" என்றார்.

மூன்றுக்கு இரண்டு. ஏழாம் எண் தேறவில்லை. மதாம் வெர்ன் காரணத்தைக் கேட்டு, ரெஜிஸ் சொன்னதையே குறித்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரெஜிஸ் பேக்கரியில் எலுமிச்சைத் தார்த் ஒன்று வாங்கினார். திங்கட்கிழமையில் அவர் இனிப்பு வாங்கியதே இல்லை. கடைக்காரப் பெண் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

எலோடி அப்போதுதான் சரிவிலிருந்து இறங்கி வந்திருந்தாள். கிரெனாஷ் கொடிகளில் மொட்டு வெடித்துவிட்டது, கரிஞான் மட்டும் இன்னும் தூங்குகிறது. அது எப்போதும் கடைசியாகத்தான் கண் விழிக்கும். அதற்குள் கவாத்தை முடிக்க வேண்டும் என்று காலையிலிருந்து வெட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கீறல். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒடில் இறைச்சிக் குழம்புப் பாத்திரத்தை மேசை நடுவில் வைத்தாள்.

"தார்த் எதுக்கு?" என்றாள் எலோடி.

"சாப்பிடத்தான்."

"நல்லபடியா போச்சாப்பா?"

"ஜூரில நடந்ததை வெளிய பேசக் கூடாது. உக்காந்து சாப்பிடு. மதாம் வெர்ன் கூப்பிடுவாங்க."

அவர் கண்ணில் இருந்த சிரிப்பை எலோடி பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஒடில் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கணவனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கரண்டியைக் கீழே வைத்தாள்.

போன் வந்தது.

"சொல்லுங்க மதாம்... ம்... மூணுக்கு ரெண்டா..." எலோடி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "காரணம் என்னன்னு போட்டிருக்கீங்க?... இன்னொரு தடவை சொல்லுங்க... சரி மதாம். நன்றி."

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"கிடைக்கல."

ரெஜிஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "விளையாடாத."

"கிடைக்கலப்பா."

"இருக்காது. நானே..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். "என்ன குறையாம்?"

"குறை ஒண்ணும் இல்லையாம். சுத்தமா இருக்காம். ஆனா அதுக்கு ஊரு கிடையாதாம்."

ரெஜிஸ் கையில் இருந்த ரொட்டி கையிலேயே இருந்தது.

"எலோடி, நீ சிரா கலந்தியா இல்லையா?"

"இல்ல."

"மூலைப் பீப்பாய்?"

"தொடவே இல்ல."

"சரிப்பான்னு சொன்னியே."

"உங்கிட்ட வேற என்னதான் சொல்ல முடியும்? நீ சொல்லி முடிச்சிட்டுக் கதவைத் திறந்துட்டுப் போயிட்டே இருப்பே."

"காலையில நான் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள் ஒடில். "வீட்ல ஒயின் பேச்சு கூடாதுன்னே."

எலோடி அலமாரி மேலிருந்து ஒட்டுத்தாள் இல்லாத ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து அவர் கோப்பையில் ஊற்றினாள். அவர் கையில் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. வெளிர் சிவப்பு, பின்னால் மேசைத்துணியின் கோடு தெரிந்தது. இருந்தாலும் மோந்து பார்த்தார். செர்ரி, தைம். ஒரு வாய் குடித்தார். இங்கே துப்புவதற்கு வாளி இல்லை, விழுங்கத்தான் வேண்டும். நனைந்த கல்லின் வாடை தொண்டையில் நின்றது. எங்கே பார்த்தது என்று இப்போது தெரிந்தது. கோடை மழையில் அந்தச் சரிவில் எத்தனை தடவை நனைந்திருக்கிறார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

வாசல் கதவைத் தட்டிக்கொண்டு சிக்கார் உள்ளே வந்தார்.

சிக்கார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். சரிவுக்குக் கீழே ஓடும் வாய்க்கால் தகராறுக்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்காதவர். இன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஒரு பாட்டில்.

"நான் உக்கார வரல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒடில் பழக்க தோஷத்தில் ஒரு கோப்பையை வைத்தாள். எலோடி பழக்க தோஷத்தில் அதில் ஊற்றினாள். சிக்கார் என்னவென்று பார்க்காமல் ஒரு வாய் குடித்தார்.

"ம், நல்லா இருக்கு" என்றார். "ரெஜிஸ், உன்னை நான் தப்பா நினைச்சிட்டேன்யா."

"என்ன விஷயம்?" என்றாள் ஒடில்.

"என் ஒயினு தேறிடுச்சு. மூணுக்கு ரெண்டுல. லாயம் வாடைன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னு மதாம் வெர்ன் சொன்னாங்க. நான் நேரா கஃபேக்குப் போனேன். அங்க லூசியான் இருந்தான். அவன் வாய் தெரியுமே. லாயம் வாடையா, அது நாலாம் நம்பர், அதுக்கு ரெஜிஸ் வக்கீல் மாதிரி வாதாடினான்னு சொன்னான். எனக்கு ஆச்சரியமாப் போச்சு. வாய்க்கால் சண்டையெல்லாம் மனசுல வச்சுக்காம..."

"சிக்கார், போதும்" என்றார் ரெஜிஸ்.

"சொல்ல விடுய்யா. நாலுல அவ்ளோ பெரிய மனசு. ஏழாம் நம்பருன்னு ஒண்ணு வந்துச்சாம், நோஞ்சான் சரக்கு. எல்லாரும் பாவம் விட்டுடலாம்னு இருந்தப்ப இதுக்கு ஊரு கிடையாதுன்னு ஒரே பேச்சுல கவுத்துட்டியாமே. நியாயம்னா இப்படி இருக்கணும்."

சிக்கார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"அப்பா, ஏழு யாரோடது?" என்றாள் எலோடி. குரல் உயரவில்லை.

"உன்னோடது."

"தெரிஞ்சே பண்ணினியா?"

"தெரியாம."

"நாலு?"

இங்கே ரெஜிஸ் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாலு நல்ல ஒயின் என்று சொன்னால் சிக்கார் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார், ஊரில் அவர் மூக்குக்கு இருக்கும் மரியாதையும் மிஞ்சும். அவர் சிக்காரைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"நாலு உன்னோடதுன்னு நினைச்சேன். அதான் வாதாடினேன்."

எலோடியின் கண் கலங்கியது கோபத்தினாலா வேறெதனாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

சிக்கார்தான் முதலில் பேசினார். "அப்ப என் ஒயினு?"

"லாயம் நாறுது, சிக்கார். மூணு வருஷமா நாறுது. உன் பீப்பாயெல்லாம் கொளுத்திடு."

"இதை எதுக்கு இப்ப சொல்றே?"

"இவளுக்கு ஊர்ப் பேரு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். மறு ருசிக்கு மனு போட்டா ஜூன் ஆயிடும். அதுக்குள்ள அண்ணன் சரிவுல தகடு பதிச்சிடுவார்" என்று ரெஜிஸ் சொல்லிக்கொண்டே சட்டைப் பையில் போனைத் தேடினார். "ஒரே ஒரு வழிதான் இருக்கு. தன் வீட்டுதுன்னு நினைச்சும் ஒருத்தன் எழுந்து போகலேன்னா அன்னிக்கு நடந்தது எல்லாம் செல்லாது. அந்த வாரத்துலயே மொத்தத்தையும் மறுபடி ருசி பாக்கணும்."

"மொத்தம்னா என்னோடதுமா?"

"உன்னோடதும்தான்."

சிக்கார் மேசை மேல் சாய்ந்தார். "ரெஜிஸ், பொறு. யாருக்கும் தெரியாது. நான் லூசியான் வாயை அடைக்கறேன். வாய்க்கால் தண்ணியை வாரத்துல பாதி நாள் உன் பக்கம் விடறேன். நீ சும்மா இரு, போதும்."

போன வருஷக் கோடையில் இந்த வார்த்தைக்காக ரெஜிஸ் சிக்காரின் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். இப்போது அவர் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றாள் எலோடி. "கூப்பிடறதுக்கு முன்னாடி சொல்லு. இப்ப குடிச்சியே, எப்படி இருக்கு?"

ரெஜிஸ் யோசித்தார். "எனக்குப் பிடிக்கல. இன்னும் கொஞ்சம் உடம்பு இருக்கணும்."

ஒடில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆனா சரிவு அதுல இருக்கு. காலையிலயே இருந்துச்சு. நான்தான் சிராவைத் தேடிட்டு இருந்தேன்."

எலோடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, கூப்பிடு" என்றாள்.

ரெஜிஸுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் அவர் போனில் எதிர்முனையில் பேசுவதும் மேசை முழுக்கக் கேட்கும். மதாம் வெர்ன் குறுக்கே பேசாமல் கேட்டார். மகளுடையது என்று நினைத்தது, எழுந்து போகாதது, நாலைத் தேற்றியது, ஏழைத் தள்ளியது, எல்லாவற்றையும் ரெஜிஸ் பூசி மெழுகாமல் சொன்னார்.

"முசியே ருவானே, நீங்க இனிமே ஜூரில உக்கார முடியாது. தெரியுமில்ல?" என்றார் மதாம் வெர்ன்.

"தெரியும் மதாம்."

"வருத்தமா இருக்கு. சரி, விதிப்படி செஞ்சிடுவோம். வியாழக்கிழமை காலையில எல்லா பாட்டிலும் மறுபடி, புது நம்பரோட. மத்த நாலு பேரு அப்படியே இருப்பாங்க. உங்க இடத்துக்கு வரிசையில அடுத்து யாரு இருக்காங்க பாக்கறேன்..." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "முசியே சிக்கார்."

"அவரோட பாட்டிலும் அதுல நிக்குதே மதாம்?"

"எல்லாரோடதும்தான் நிக்குது. தன்னோடதுன்னு தெரிஞ்சா எழுந்து போகட்டும். அவருக்கு இப்பவே போன் பண்றேன்."

இணைப்பு அறுந்தது. சிறிது நேரத்தில் சிக்காரின் பையில் மணி அடித்தது. அவர் எடுத்து, "ம்" என்றார், "வரேன் மதாம்" என்றார், வைத்துவிட்டார்.

எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். கொண்டு வந்த பாட்டிலை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். கிளம்பிவிடுவார் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள்.

அவர் கிளம்பவில்லை. மேசையில் அவருடைய கோப்பையில் எலோடியின் ஒயின் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதைப் பார்த்தார். தொப்பியோடு மறுபடி உட்கார்ந்தார். கோப்பையைச் சாய்த்து மேசைத்துணிக்கு எதிரே நிறம் பார்த்தார். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சுழற்றினார், மறுபடி மோந்தார். ஒரு வாய் எடுத்துப் பல்லிடுக்கில் காற்றை இழுத்துப் புரட்டி, அவசரமில்லாமல் விழுங்கினார். அவ்வளவு கவனமாக அவர் எதையும் ருசித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

எலோடி பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைத் தள்ளி வைப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சிக்கார் காலிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து, பாப்பா. வியாழக்கிழமை எனக்கும் ஆள் மாறிடக் கூடாது பாரு."